காய்ச்சல் என்று நான் சொன்னது

கெல்சென்கிர்ச்சன்
14.10.2025, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் லவினியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மடு மாதாவின் காவலில் நானும் அப்பாவும் தம்பி கொட்வினும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த பலெர்மோ நகரத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமாய் இருக்க வேண்டும் என்றுதான் காலையும் மாலையும் மன்றாடுகிறேன். உடம்புக்குக் குறையில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி. மனது அப்படி இல்லை. வியாழக்கிழமை உன் சிநேகிதி கம்சனா உன்னிடம் வருகிறாள் அல்லவா, அவள் படிப்பிக்கிற பாலர் பள்ளிக்கு விடுமுறை, அவளிடம்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். நீ படித்து முடிக்கும் வரை பக்கத்தில் இருக்கும்படி அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை. கடிதத்தோடு இன்னொரு உறை இருக்கும். அது உன் கம்பனியில் இருந்து உன் பெயருக்கு வந்த பதிவுக் கடிதம். அதை நான் பிரித்துப் படித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. அதைவிடப் பெரிய பிழையும் ஒன்று செய்திருக்கிறேன், அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், அதனால் பொறுமையாகப் படி.

இங்கே மழை தொடங்கிவிட்டது. அப்பாவின் முழங்கால் நோ மழையோடு கூடுகிறது, ஆனாலும் பார்சல் களஞ்சியத்தில் காலை வேலைக்கு ஒரு நாளும் பிந்தாமல் போகிறார். கொட்வினின் மின்வேலைப் பயிற்சி இரண்டாம் வருடம், நேற்று முன்தினம் எங்கள் குசினி விளக்கைக் கழற்றிப் பூட்டி, முந்தியும் எரிந்த விளக்கை இப்போது எரிய வைத்திருப்பதாகப் பெருமைப்படுகிறான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு ஆள் குறைவு, ஒரு கிழமையில் இரண்டு தரம் நேரம் கூட்டித் தருகிறார்கள். ஞாயிறு பூசைக்குப் போனால் எல்லோரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள், லவினியா இத்தாலியிலாமே, கடலாமே என்று. நான் ஓம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறேன். முந்தி அப்படி மாற்றுவதில்லை, நானாகவே போனைத் திறந்து நீ அனுப்பிய படங்களைக் காட்டுவேன்.

நீ செப்டெம்பர் முதலாம் தேதி ஒரு பையோடு போனபோதே எனக்குப் பயம் இருந்தது. முகம் காணாத ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரும் மனைவியும் மூன்று மாதம் மகனைப் பார்க்க ஆர்ஜென்டீனாவுக்குப் போகிறார்கள், பூனைக்குச் சாப்பாடு வைத்து மரங்களுக்குத் தண்ணீர் விட்டால் வீடு சும்மா என்று இணையத்தில் பார்த்துப் போனாய். சும்மா தருகிற வீட்டில் எது உடைந்தாலும் உன் தலையில்தான் விழும் என்று சொன்னேன். கதவுப் பூட்டைப் பற்றிக் கேட்டேன், அந்தத் தெருக்களில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களைப் பற்றிக் கேட்டேன், கடலில் தனியே இறங்குகிறாயா என்று கேட்டேன். நீ சிரித்தாய். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் போனில் கடலைக் காட்டினாய். காசில்லாமல் அந்த ஊரில் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாய். கடற்கரைப் புல்வெளியில் காற்று வாங்குவது, பெரிய கோயில்களுக்குள் போய்க் குளிர்ச்சியில் இருப்பது, மாதத்தின் முதல் ஞாயிறு அரும்பொருளகத்துக்குள் சும்மா போவது, தெருக் குழாயில் போத்தலை நிரப்புவது, சந்தை கலைகிற நேரம் போனால் நசிந்த அத்திப்பழத்தை ஒரு பையில் போட்டுத் தந்துவிடுவார்கள் என்பது. ரொசாலியா புனிதையின் மலைக்கு எங்கள் சனத்தோடு சேர்ந்து நடந்தே ஏறினாய், என்னோடு படித்த குமுதினி உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை அனுப்பினாள், முப்பது வருடமாக அங்கே வீட்டு வேலை செய்கிறவள், தான் அந்த ஊரை உன்னோடுதான் சுற்றிப் பார்க்கிறேன் என்று சொன்னாள். அப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ர பிள்ளை கையில ஒண்டும் இல்லாமல் ராசாத்தி மாதிரி இருக்கிறாள்" என்றார். எனக்கும் சந்தோசம்தான், லவினியா. போன மாசி மாதம் நீ எங்கள் குசினி மேசையில் கோட்டைக் கழற்றாமல் இரண்டு மணித்தியாலம் இருந்தாய், "அம்மா, நான் இருந்து வேலை செய்யிற அந்த அறைச் சுவர் கிட்டக் கிட்ட வருது" என்றாய். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் பயந்தாலும் போகாதே என்று சொல்லவில்லை. கம்பனி ஒன்றும் சொல்லாதா என்று மட்டும் கேட்டேன். "எங்கயிருந்தும் செய்யலாம் அம்மா, லப்ரொப் இருந்தாச் சரி" என்றாய். நான் நம்பினேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். செப்டெம்பர் முப்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, எனக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை. பதினொரு மணியளவில் வீட்டுப் போன் அடித்தது. விளம்பரக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன். ஒரு பெண், ஃபிராவ் ஹெல்விக் என்று பெயர் சொன்னாள், உன் கம்பனியில் ஊழியர் விசயங்களைப் பார்க்கிற ஆளணிப் பிரிவாம். உன் கைப்போனுக்கு எடுத்தால் வேலை செய்யவில்லை, காலையில் இருந்து உன்னைப் பிடிக்க முடியவில்லை, உன் கணக்கில் யாரோ வெளிநாட்டில் இருந்து நுழைந்த மாதிரிக் காட்டுகிறது, நீ பதிந்திருக்கிற முகவரி இதுதான், வீட்டில் இருக்கிறாயா என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள், உன் கணக்கை யாரோ திருடிவிட்டார்களோ என்ற கவலை கூட அவள் குரலில் இருந்தது. எனக்கு வெளிநாடு என்ற சொல்லோடு காது அடைத்துவிட்டது. யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது, ஓம், இங்கேதான் இருக்கிறாள், காய்ச்சல், படுத்திருக்கிறாள் என்று. விரைவில் சுகமாகட்டும் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

ஏன் காய்ச்சல் என்று வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையை நாங்கள் உனக்குச் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தி, நானும் அப்பாவும் ஒரு சின்ன ஊரில் அகதி முகாமில் இருந்தோம். அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டும் என்றால் அன்ராக் போட்டு, விண்ணப்பித்து, அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். ஆவணி மாதம் கேவலார் மாதா திருவிழாவுக்குப் போக அப்பா அன்ராக் போட்டார், நாட்டில் அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், அந்தப் பிள்ளைக்காக ஒரு நேர்த்தி. திருவிழா நாள் வரை பதில் வரவில்லை. அப்பா போய்விட்டார். அன்று பார்த்து முகாம் பொறுப்பாளர் ஆட்களை எண்ண வந்தார். உன் புருசன் எங்கே என்றார். நான், காய்ச்சல், படுத்திருக்கிறார் என்றேன். அவர் அறைக்குள் வந்து போர்வையைத் தூக்கினார். தலையணைதான் இருந்தது. அவர் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை, சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதினார். அப்பாவை ரெயினில் பிடித்ததும் அதே நாள்தான். பிறகு விசாவைப் புதுப்பிக்கப் போகிற ஒவ்வொரு முறையும், வேலை அனுமதி கேட்கிற ஒவ்வொரு முறையும் அந்த எழுத்து எங்களுக்கு முந்தி மேசையில் இருக்கும். நீ பிறந்து தவழ்கிற காலத்திலும் இருந்தது. ஏசுகிறவர்களுக்கு நான் பயப்படுகிறதில்லை, பிள்ளை. அமைதியாக எழுதுகிறவர்களுக்குத்தான் பயம்.

அன்று பின்னேரம் நீ எடுத்தாய். கடற்கரையில் போன் செத்துப் போய்விட்டது என்றும், கம்பனியில் ஏதோ கேட்டார்கள், சொல்லிச் சமாளித்துவிட்டேன் என்றும் சொன்னாய். நான் சொன்னதை உனக்குச் சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை. சமாளித்தாயிற்று என்றால் முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை தபால்காரர் கையெழுத்துக் கேட்டார், அப்பா போட்டார், நான் பிரித்தேன். நீயே படிப்பாய், ஆனாலும் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். அன்று நீ அவர்களுக்கு கெல்சென்கிர்ச்சனில் வீட்டில் இருந்து வேலை செய்தேன், இணையத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கிறாய். உன் தாயார் நீ நோயாளியாகப் படுத்திருப்பதாகச் சொன்னார் என்று அடுத்த வரி. ஐந்து கிழமையாக உன் லப்ரொப் இத்தாலியில் இருந்து இயங்குவதாகப் பதிவு இருக்கிறது என்று மூன்றாம் வரி. வெளிநாட்டில் இருந்து வேலை செய்ய முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், நீ கேட்கவில்லை. இருபத்திரண்டாம் தேதிக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், இருபத்தேழாம் தேதி திங்கள் காலை பத்து மணிக்கு டுசில்டோர்ஃப் அலுவலகத்தில் நேரில் சந்திக்க டெர்மின் குறித்திருக்கிறார்கள். வேலை போகலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள், அந்த வரியை நான் மூன்று தரம் படித்தேன். நீ ஒன்று சொன்னாய், நான் ஒன்று சொன்னேன், இரண்டும் பொய், இரண்டும் ஒன்றை ஒன்று காட்டிக் கொடுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாய், உடனே சொல்லத்தான் நினைத்தேன். நீ தண்ணீருக்குள் முழங்கால் மட்டும் நின்றுகொண்டு, ஐப்பசியில் இப்படிச் சூடு பாருங்கோ அம்மா என்று சிரித்தாய். வெயிலுக்குத் தொப்பி போடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்று கொட்வின் சொன்னான். நீ தனியே அந்த முகம் தெரியாதவர்களின் வீட்டில் நின்று போனில் அதைப் படிப்பதை நினைத்தேன், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "நீ எப்ப இதைச் சொன்னனீ" என்று கேட்டார். சொன்னேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை" என்றார். சாப்பாட்டைத் தொடாமல் எழும்பிப் போனவர் வெகுநேரம் கழித்து வந்து, "அண்டைக்கு எனக்காகச் சொன்னாய், இப்ப பிள்ளைக்காகச் சொல்லியிருக்கிறாய், ரெண்டையும் எழுதி வைச்சிட்டாங்கள். அண்டைக்கு உனக்குப் பாஷை தெரியாது. இப்ப தெரியுந்தானே, போய்ச் சொல்லு" என்றார். கொட்வினுக்குச் சரியான கோபம். "அது அக்காவின்ர வேலை, நீங்கள் தலையிடாதேங்கோ" என்றான். அவன் சொல்வதும் சரிதான். உன் பொய்யில் நான் தலையிடவில்லை. என் பொய்யைத்தான் திருப்பி எடுக்கப் போனேன்.

நேற்றுத் திங்கட்கிழமை லீவு எடுத்துக்கொண்டு, கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு டுசில்டோர்ஃபுக்கு ரெயின் ஏறினேன். வழி முழுக்க ஜெர்மன் வசனங்களை மனதுக்குள் கட்டிக்கொண்டே போனேன், இறங்குகிறபோது பாதி மறந்துவிட்டது. வாசலில் இருந்த பெடியன் டெர்மின் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, காத்திருக்கிறேன் என்றேன். ஒரு மணித்தியாலம் அந்தப் பெரிய சோபாவின் நுனியில் இருந்தேன், சாய்ந்து இருக்கத் துணிவு வரவில்லை. ஃபிராவ் ஹெல்விக் இறங்கி வந்தாள். வயதான ஆளாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், உன் வயதுதான் இருக்கும், தடிமன் பிடித்து மூக்கெல்லாம் சிவந்து, கையில் தேத்தண்ணிக் கோப்பை. ஒரு கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், உங்கள் மகளைப் பற்றி உங்களோடு கதைக்க எனக்கு அனுமதி இல்லை என்று முதலிலேயே சொன்னாள். நான், என் மகளைப் பற்றிக் கதைக்க வரவில்லை, என்னைப் பற்றித்தான் என்றேன். அன்று நீ வீட்டில் இருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை, நான் பொய் சொன்னேன், நீ சொல்லச் சொல்லவில்லை, நான் சொன்னது இன்று வரை உனக்குத் தெரியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். போர்வையைத் தூக்கின கதையைச் சொன்னேன், பிழை பிழையான ஜெர்மனில்தான். கடைசியில், அந்த ஆள் பிறகு என்ன செய்தார் என்று கேட்டாள். எழுதினார் என்றேன். அவள் தன் கையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துவிட்டாள்.

பிறகு அவளும் எழுதத்தான் வேண்டியிருந்தது. எழுதி, எனக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினாள். தாயார் கேள்வியைத் தவறாக விளங்கிக்கொண்டதால் உண்மையில்லாத தகவலைத் தந்தார், மகளுக்கு அது தெரியாது, தாமாகவே வந்து திருத்தினார் என்று இருந்தது. எனக்கு உதவி செய்யத்தான் அப்படி எழுதியிருக்கிறாள், அது விளங்கியது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கலாம். ஆனால் தவறாக விளங்கவில்லை, நன்றாக விளங்கித்தான் பொய் சொன்னேன், பயத்தினால் என்று போடுங்கள் என்றேன். அப்படிப் போட்டால் நல்லதோ தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது, ஆனால் அதுதான் நடந்தது என்றேன். அவள் வெட்டி எழுதினாள். கையெழுத்துப் போடுகிறபோது அன்ரனிற்றா என்ற என் பெயரே ஒரு பக்கம் சரிந்து போனது. நீ எங்கே இருக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. கதவு வரைக்கும் வந்தவள், இதைக் கம்பனிக்காகக் கேட்கவில்லை, அவ நல்லா இருக்கிறாவா என்றாள். இப்போது சிரிக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

இதனால் உனக்கு நன்மையா தீமையா என்று எனக்குத் தெரியாது. இதை எழுதுகிறபோதும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். வேலை போய்விட்டால் என்ன செய்வாய், வேறு இடத்தில் கேட்டால் இதைச் சொல்வார்களா, அந்த அறைச் சுவர் திரும்பவும் கிட்ட வந்துவிடுமா என்று ஒன்றன் பின் ஒன்றாக வருகிறது. என் மேல் கோபம் என்றால் கோபி, உனக்கு உரிமை இருக்கிறது. எனக்கும் ஒரு மனவருத்தம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அன்ராக் போட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நீ போட்டிருந்தால் கிடைத்திருக்கும், அனுமதியோடு வருடத்தில் இத்தனை நாள் வெளிநாட்டில் இருந்து வேலை செய்யலாம் என்று அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே விதி அச்சடித்திருக்கிறார்கள். நீ கேட்கவே இல்லை. கடலுக்குப் போனதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். ஒளித்துப் போனதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது, ஏனென்றால் ஒளிக்கிற பழக்கம் எங்களிடம் இருந்துதான் உனக்கு வந்திருக்கும்.

செய்ய வேண்டியதை எழுதுகிறேன். அப்பா தன் வேலைத்தலத்தில் தொழிற்சங்கத்துக்காரர் சந்திரமௌலியிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டார். பதிலைத் தேதிக்கு முந்தி அனுப்ப வேண்டுமாம், ஒரு வரியும் கூட்டிக் குறைக்காமல் உள்ளதை எழுத வேண்டுமாம், நேரில் போகும்போது கம்பனியின் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கேட்கலாமாம். பூனையைப் பற்றிக் கவலைப்படாதே, குமுதினி காலையிலும் மாலையிலும் போய்ச் சாப்பாடு வைப்பாள், நான் கதைத்துவிட்டேன். ஆனால் வீட்டுக்காரருக்கு நீயே எழுதி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் வீட்டுத் திறப்பை அவளிடம் கொடு. அவர்களிடமும் ஒளிக்க வேண்டாம். கம்சனா கொண்டு வருகிற பையில் உன் தடித்த கோட் இருக்கிறது, இங்கே இறங்குகிறபோது குளிராக இருக்கும். எல்லாம் முடிந்து, கம்பனி ஓம் என்று எழுத்தில் தந்தால், திரும்பவும் போ. அப்போது பூசையில் கேட்கிறவர்களுக்கு நானும் படங்களைக் காட்டுவேன்.

அப்பா தன் பங்குக்கு ஒரு வரி எழுதச் சொல்கிறார், அவர் சொல்கிறபடியே எழுதுகிறேன். "பிள்ளை, உன்ர டெர்மின் இருக்கிற திங்கட்கிழமைக்கு நான் லீவு போட்டிட்டன். உள்ளுக்கு வரமாட்டன், உனக்கு வெக்கமா இருக்கும். வாசல்ல நிப்பன்."

தேவதாய் உன்னை நடத்துவாள். தண்ணீரில் இறங்குகிறபோதும் வீதியைக் கடக்கிறபோதும் அவளுடைய கை உன் மேல் இருக்கட்டும். உன் வாயில் இருந்து வருகிற சொல் நேராக வரட்டும், அதைச் சொல்கிற தைரியத்தை ஆண்டவர் உனக்குத் தரட்டும். ஒன்றை மறக்காதே. இதைப் படித்தவுடன் எனக்குப் போன் எடுக்காதே. எடுத்தால் நான் அழுவேன், நீ என்னை ஆற்றுவதற்காக ஏதாவது சொல்வாய், பிறகு அவர்களுக்கும் அதையே எழுதிவிடுவாய். முதலில் அவர்களுக்கு எழுது. அனுப்பின பிறகு எங்களுக்கு எடு. எத்தனை மணியானாலும் நான் எடுப்பேன்.

என்றும் உன் நன்மைக்காக மன்றாடும்,
அம்மா
அன்ரனிற்றா ஜேசுரட்ணம்